வெடிக்குப் பயப்படாத நாய்

எனக்கு நாய்கள் மேல் பெரிய பாசம் ஒன்றும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைப் புண்ணியவதி என்று நினைத்துவிடக் கூடாது. அந்த இரண்டு நாய்களும் என் தலையில் கட்டப்பட்டவை.

கட்டியது என் அண்ணன். நுவரெலியாவில் ஒரு வாடகை பங்களாவில் அவர் வாச்சராக, காவலுக்கு இருந்தார். கொழும்பிலிருந்து வந்து தங்குகிறவர்கள் படம் பிடித்துக்கொள்ள அழகாக இருக்கட்டும் என்று பங்களாக்காரர் இரண்டு கோலி இன நாய்க்குட்டிகளை வாங்கி வளர்த்தார். நீண்ட மூஞ்சி, கழுத்தைச் சுற்றிக் கம்பளி போர்த்தியது போல் மயிர். ஒன்று செவலை. மற்றது வெள்ளை, அதற்கு ஒரு கண் நீலம். இரண்டும் ஒரே ஈற்றில் பிறந்தவை. வந்து தங்குகிறவர்கள் குறைந்ததும் பங்களாக்காரர் எல்லாவற்றையும் விற்றுவிட்டு வெளிநாடு போய்விட்டார். கட்டில், நாற்காலி, தேத்தண்ணிக் கோப்பை வரைக்கும் எழுதி ஒப்படைத்த மனிதர் நாய்களை மட்டும் எழுதவில்லை. புதிதாக வாங்கியவர் ஒரு வாரத்துக்குள் நாய்கள் வெளியேற வேண்டும் என்றார். அண்ணன் இரண்டையும் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு, பூண்டுலோயாப் பக்கம் நான் படிப்பிக்கும் தேயிலைத் தோட்டத்துக்கே வந்து இறங்கினார்.

"நீ டீச்சரு. ஒனக்கு நாலு பேரத் தெரியும். நல்ல வீடாப் பாத்துக் குடுத்துரு. இல்லன்னா றோட்டுலதான் விடணும்" என்றார். தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார். குடித்தால் நான் மறுத்துப் பேசுவேன் என்று அவருக்குத் தெரியும்.

மயிர் முழுக்கச் சிக்கு. சிக்குக்குள் அட்டைகள். கத்தரிக்கோலும் உப்புமாக இரண்டு நாள் வாசலில் உட்கார்ந்திருந்தேன். நான் இருந்தது பள்ளிக்கூடத்தின் ஒற்றை அறைக் குவார்ட்டஸ். அதிபர் வந்து பார்த்துவிட்டு, பள்ளித் தவணை முடியும் வரைதான், அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை என்று கறாராகச் சொன்னார்.

செவலைக்கு உடனே இடம் கிடைத்தது. நானுஓயாவில் ஒரு சிங்கள நேர்ஸ் அம்மா, படத்தைப் பார்த்ததும் ஓட்டோ பிடித்து வந்து, மடியில் வைத்துக் கொண்டுபோனார். வெள்ளைதான் வம்பாகிவிட்டது.

முதலில் எடுத்துப் போனவர் ஒரு ஹோட்டல் சமையல்காரர். ஒன்பதாம் நாள் கொண்டுவந்து கட்டிவிட்டு, "கூப்புட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது டீச்சர். திமிர் புடிச்ச நாய்" என்றார். இரண்டாவது, தோட்டத்துக் கிளாக்கர் வீடு. அவர் பத்து நாள்கூடத் தாங்கவில்லை. "ஆள் வந்து வாசல்ல நின்னாலும் எந்திரிக்காது. செவிடன் காதுல சங்கு ஊதுன மாதிரி இருக்கு, அதுகிட்ட பேசுறது" என்றார். தமிழ் படிப்பிக்கிறவள் நான். பழமொழியைக் கேட்டேன், தலையாட்டினேன். அதற்குள் இருந்த செய்தியைக் கேட்கவில்லை.

எனக்கு ஒரு விளக்கம் தயாராக இருந்தது. பங்களாவில் வளர்ந்த நாய், அதற்கு இங்கிலீஷ்தான் விளங்கும் என்பதுதான் அது. தோட்டத்தில் யாருக்கும் இது அதிசயமாகப் படவில்லை. துரை வீட்டு நாய் துரை பாஷையில்தான் கேட்கும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். நான் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, கையை அசைத்துக் காட்டி, "கம்", "சிட்" என்று சொல்லிக் கொடுத்தேன். நாய் வந்தது, உட்கார்ந்தது. எனக்கு ஒரே பெருமை. அது பார்த்தது எங்கள் கையை என்பது என் படித்த மண்டைக்கு உறைக்கவில்லை.

தவணை முடிய இரண்டு வாரம் இருக்கும்போது அந்த வெடிச் சம்பவம் நடந்தது. எங்கள் தோட்டத்தின் மேல் மலை, அதாவது உச்சியில் உள்ள தேயிலைத் துண்டு, காட்டை ஒட்டி இருக்கிறது. அங்கே சிறுத்தை நடமாட்டம் உண்டு. எங்கள் ஆட்கள் அதைப் புலி என்றுதான் சொல்வார்கள். லயத்து நாய்கள் இரண்டு மூன்றை அது ஏற்கெனவே தூக்கிவிட்டது. அதனால் அந்த மலையில் கொழுந்தெடுக்கும் நாள்களில், பெண்கள் ஏறுவதற்கு முன்னால் கங்காணி ஒரு யானை வெடி கொளுத்திப் போடுவார். வெடித்த அடுத்த நொடி லயத்து நாய்கள் எல்லாம் வாலைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடும். அன்று காலை நான் வெள்ளையைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் நின்றிருந்தேன். பத்தடி தூரத்தில் வெடி வெடித்தது. நானே துள்ளிவிட்டேன். நாய் புல்லை மோந்துகொண்டு நின்றது.

கூடையும், சேலை நனையாமல் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்குமாக நின்ற பெண்கள் வாயைப் பிளந்தார்கள். அவர்களில் ஒருவர் என் பக்கத்தில் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் இல்லை. மகள் கொழும்பில் ஒரு கடையில் வேலை. கடைசி லயத்தில் தனியாக இருப்பவர், விறகுக்கும் அந்தக் காட்டு ஓரத்துக்குத்தான் போவார்.

"இந்த நாய எனக்குக் குடுங்க டீச்சர். வெடிக்கே அசையலன்னா புலிக்கா அசையப் போகுது? முன்னால விட்டுட்டு நான் பின்னால போவேன்" என்றார்.

"பங்களா ரத்தம் அக்கா. தைரியம் அப்பிடித்தான் இருக்கும்" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

நல்ல வீடு என்றால் அதுதான் நல்ல வீடு. அந்த அக்கா தன் தட்டுச் சோற்றில் பாதியை நாய்க்கு வைத்தார். லயத்தின் முன் திண்ணையான இஸ்தோப்பில், தன் காம்பரா அறைக்கு முன்னால், பழைய பலகை போட்டு, அதன் மேல் சாக்கு விரித்து அதைப் படுக்க வைத்தார். வெள்ளிக்கிழமை கோயிலில் இருந்து வந்தால் அதன் நெற்றியிலும் திருநீறு. நாய் அவர் முகத்தைப் பார்த்தபடியே இருக்கும், அவர் எந்தப் பக்கம் நடந்தாலும் கூடவே போகும். அந்த நாயை நம்பி மேல் மலைக்கு ஏறும்போது அவர் முதல் ஆளாகப் போக ஆரம்பித்தார். மற்றப் பெண்கள் அவருக்குப் பின்னால் வரிசையாக ஏறினார்கள். நான் தூரத்திலிருந்து பார்த்து, ஒரு வேலையை உருப்படியாகச் செய்தோம் என்று சந்தோஷப்பட்டேன்.

பிறகு நேர்ஸ் அம்மா கூப்பிட்டு, செவலையைப் பார்க்க வரச் சொன்னார். போன நாளில் அதற்குத் தடுப்பூசி போட வேண்டியிருந்தது, நானும் மிருக வைத்தியரிடம் கூடவே போனேன். சும்மா இருக்காமல் தொலைபேசியில் இருந்த வெள்ளையின் படத்தைக் காட்டினேன், இதன் கூடப்பிறந்தது என்று. வைத்தியர் படத்தில் அந்த நீலக் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இதுக்கு காது கேக்குதா மிஸ்?" என்று தமிழில் கேட்டார். இப்படி வெள்ளையாகப் பிறக்கிற சிலதுக்குப் பிறவியிலேயே கேட்காது, பின்னால் நின்று தட்டிப் பாருங்கள் என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம், மேல் மலைக்கு முதல் ஆளாக ஏறும் அக்காவையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு காலை கடைசி லயத்துக்குப் போனேன். அக்கா பீலியில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். நாய் எனக்கு முதுகைக் காட்டிப் பலகையில் தூங்கிக்கொண்டிருந்தது. அடுப்பங்கரைப் பானை மூடியை எடுத்து, அதன் தலைக்குப் பின்னால் சுவரில் ஓங்கி அடித்தேன். பக்கத்து வீட்டுக் கோழிகள் பறந்தன. ஒரு குழந்தை அழுதது. நாய் அசையவில்லை. பிறகு பலகையின் ஓரத்தில் காலை வைத்தேன். உடனே துள்ளி எழுந்து, என்னைப் பார்த்து வாலை ஆட்டியது.

"என்ன டீச்சர் சத்தம்?" தலையில் குடத்தோடு அக்கா வந்து நின்றார்.

"ஒண்ணுமில்லக்கா. மூடி கை தவறி விழுந்துச்சு."

அவ்வளவு லேசாக வந்தது அந்தப் பொய். அவர் இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்தார், குடித்தேன். சொன்னால் நாய் திரும்பி வரும். அதிபர் சேர்க்க மாட்டார். மூன்றாம் தடவை திரும்பி வந்த நாயை நாலாவது யார் எடுப்பார்கள்? கடைசியில் றோட்டுதான், றோட்டுக்குப் போனால் ஒரு மாதம்கூட இருக்காது. இதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட நியாயங்கள். நியாயங்களுக்கு அடியில், இங்கிலீஷ் நாய் என்று தோட்டம் முழுக்கப் பாடம் நடத்திய டீச்சரின் முகம் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த எழுத்தும் இன்னொரு பொய்யாகிவிடும்.

மறுவாரம் தீபாவளி. லயத்து வாசலில் பையன்கள் சரவெடி கொளுத்தினார்கள். எல்லா நாய்களும் ஒளிந்துகொள்ள, வெள்ளை மட்டும் நடு இஸ்தோப்பில் நிம்மதியாகத் தூங்கியது. "பாருங்களேன், எங்க வீட்டு வீரன!" என்று அக்கா சிரித்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னை நாலு அறை அறைய வேண்டும் போல் இருக்கிறது.

நாளைக்குச் சொல்லலாம், சம்பளம் போட்ட பிறகு சொல்லலாம், மழை விட்டதும் சொல்லலாம். இப்படியே நாள் போனது.

ஒரு மூடுபனிக் காலை. நாலாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். கொழுந்து லொறி விடாமல் ஹோன் அடித்துக்கொண்டு இறங்கியது. வாசலுக்கு ஓடினேன். பின்னால் படங்குச் சாக்குகளின் மேல் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். வலது தோளில் சுற்றியிருந்த சேலை சிவப்பாக நனைந்திருந்தது. லொறி நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. பின்னாலேயே மலையிலிருந்து ஓடி இறங்கிய, கூட வேலை செய்யும் ஒரு பெண் அழுதுகொண்டே என்னிடம் சொன்னார்.

"புதருக்குள்ள சலசலன்னுச்சு டீச்சர். நான்தான் சொன்னேன், நில்லுங்கக்கா, ஏதோ சத்தம்னு. 'நாய் சும்மாதானடி போகுது, அதுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும், வா'ன்னுட்டு ஏறிட்டாங்க. புலி குட்டியோட இருந்திருக்கு. பாஞ்சிருச்சு."

நான் கேட்டேன்: "நாய்?"

"அவங்க விழுந்ததுக்கு அப்புறந்தான் திரும்பிப் பாத்துச்சு. பாத்ததும் பாருங்க, ஓடியாந்து குறுக்க நின்னு ஒரே கொலைப்பு. நாங்களும் கத்தவும் புலி போயிருச்சு. அது மட்டும் இல்லன்னா ஆளே இல்ல டீச்சர்."

காற்று ஆட்கள் பக்கமிருந்து காட்டுக்கு அடித்ததால் நாய்க்கு மோப்பமும் கிடைக்கவில்லை என்று கங்காணி பிறகு விளக்கினார். ஏன் சத்தத்துக்கு நிற்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. தோட்டம் முழுக்க நாயைக் கொண்டாடியது. ஆளாளுக்குச் சோறும் கருவாடும் கொண்டுவந்து வைத்தார்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் கடைசிவரை எவருக்கும் தெரிந்திருக்காது. அந்த நாள்களில் அதுவும் எனக்குத் தோன்றியது.

மூன்று வாரம் கழித்து அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினார். கை கழுத்தில் கட்டிய தூக்கலில் இருந்தது. தோள் சரியானாலும் கூடைக் கயிறு தாங்குமா என்பது சந்தேகம், கூடை தாங்காவிட்டால் பேரும் இல்லை, நாள் கூலியும் இல்லை. பையில் பழைய சங்கிலியைப் போட்டுக்கொண்டு போனேன். இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். காலடியில் பலகையில் நாய் தூங்கியது.

"அக்கா, இந்த நாய்க்குக் காது கேக்காது."

அவர் நாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தெரிஞ்சா குடுத்தீங்க?"

"குடுக்கும்போது தெரியாது. சாமி சத்தியமாத் தெரியாது."

"அப்ப எப்ப தெரிஞ்சுச்சு?"

"மூடி விழுந்துச்சுன்னு சொன்னேனே, அன்னைக்கு."

அவர் இடது கையால் தூக்கலைச் சரி செய்துகொண்டார். "அது தீபாவளிக்கு முந்தி" என்றார். "அதுக்கப்புறம் எத்தன நாள் ஏறியிருப்போம் அந்த மலைக்கு? நான் என் காத நம்பல டீச்சர், அது காதத்தான் நம்புனேன். எனக்குப் பின்னால பத்துப் பொம்பளைங்க வந்தாங்க."

எனக்கு அழுகை வந்தது. அழ எனக்கு உரிமை இல்லை என்றும் தெரிந்தது. எழுந்து சங்கிலியை வெளியே எடுத்தேன். "நான் கூட்டிட்டுப் போயிடுறேன்க்கா. வேற எடம் பாக்குறேன்."

"சங்கிலிய உள்ள வைங்க."

அவர் குனிந்து, நல்ல கையால் பலகையை இரண்டு தட்டுத் தட்டினார். நாய் எழுந்து அவர் மடியில் தலையை வைத்தது. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எப்படித் தட்டினால் எழும் என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

"இது இங்கயே இருக்கட்டும்" என்றார். கோபமே இல்லாத குரல். "இதுக்குக் காது இல்ல, இது என்ன பண்ணும் பாவம். ஒங்களுக்கு வாய் இருந்துச்சே டீச்சர்."