பலகை அடித்த ஜன்னல்களும் ராஜம்மா டீச்சரும்

நாங்கள் விட்டு வந்த தீவிலிருந்து, லோவு என்ற ஊரிலிருந்து மாரி போன் செய்தான். ராஜம்மா டீச்சரின் தம்பி. "மாஸ்டர், அக்கா போயிடுச்சு" என்றான். முந்தின நாளே எரித்தும் முடித்துவிட்டார்களாம். அதற்குமேல் அவனுக்குத் தமிழ் வரவில்லை. மீதியை ஹிந்தியில் சொன்னான். அந்தத் தீவில் பிறந்த தமிழர்கள் எங்களில் பலர் அப்படித்தான், துக்கத்தைத் தமிழில் தொடங்கி ஹிந்தியில் முடிப்போம். போனை வைத்த பிறகு எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. ஆக்லாந்தின் இந்தச் சின்ன வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். "ஒரு இடத்துல இருங்களேன், பாக்கிற எனக்குத் தலை சுத்துது" என்றாள் மனைவி. மூன்று நாளாகியும் இருக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வரதோலிப் பள்ளியில் அவரிடம் ஆறாம் வகுப்பு படித்தவர்கள் இப்போது சிட்னியில், வான்கூவரில், இங்கே என்று சிதறிக் கிடக்கிறீர்கள். உங்களுக்கு அவர் குரல் நினைவிருக்கும். மெதுவாகப் பேசத் தெரியாதவர். ஆசிரியர் அறையில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அந்தத் தமிழிலும் பாதி நேரம் என்னைத் திட்டிக்கொண்டிருப்பார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் சாந்த சொரூபி, பொறுமைசாலி என்று யாராவது இரங்கல் கூட்டத்தில் பேசினால் நம்பாதீர்கள்.

இந்திய வம்சாவளியினர் இருந்த ஆட்சியைக் கவிழ்த்த அந்த வருடம் ஓர் இரவு யாரோ கல்லெறிந்து, பள்ளியின் ரோட்டுப் பக்க ஜன்னல்களின் லூவர் கண்ணாடிப் பட்டைகளை உடைத்துவிட்டுப் போனார்கள். பள்ளியை நடத்திய ஊர்க் கமிட்டி கூடி, அந்தப் பக்க ஜன்னல்கள் எல்லாவற்றுக்கும் பலகை அடித்துவிடுவது என்று முடிவெடுத்தது. காற்று வருவதே அந்தப் பக்கத்திலிருந்துதான். ஆனால் அது குளிர் மாதம், அந்தத் தீவில் வெயில் கொளுத்துவது பிப்ரவரியில்தான்; யாருக்கு அந்த நினைப்பு வரும்? தச்சு வேலை கொஞ்சம் தெரியும் என்பதால் நானே அடித்தேன், நாலங்குல ஆணியாகப் பார்த்து. அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "கல்லு என்னிக்கோ ஒரு நாள் வரும் மாஸ்டர். சூடு தெனமும் வரும்" என்றார். "பிப்ரவரியில பாத்துக்கலாம் அக்கா" என்றேன். பெரிய மேதாவி நான்.

பிப்ரவரி வந்தது. அதற்குள் எங்கள் ஆசிரியர்களில் இரண்டு பேர் கனடாவுக்குப் போய்விட்டார்கள். ஐந்தையும் ஆறையும் ஒரே அறையில் அடைத்து அக்காவிடம் கொடுத்தார்கள். மேலே தகரக் கூரை, ஒரு பக்கம் பலகை. மத்தியானத்தில் அந்த அறைக்குள் நுழைந்தால் அடுப்பு மூட்டிய சமையலறை மாதிரி முகத்தில் அடிக்கும். நோட்டுப் புத்தகம் பிள்ளைகளின் கையோடு ஒட்டிக்கொண்டு வரும். அக்கா கணக்குப் பாடத்தைக் காலை முதல் மணிக்கு மாற்றினார், சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரையும் மாமரத்தடிக்குக் கூட்டிப்போய்விட்டார். பார்வையிட வந்த கல்வி அதிகாரி, பாடத்திட்டம் என்னாவது என்று கடிந்துகொண்டார். "பாடத்திட்டத்துக்கு வேர்க்காது ஐயா, புள்ளைங்களுக்குத்தான் வேர்க்குது" என்றார் அக்கா. மறுநாளே மரத்தடி வகுப்புக்குத் தடை போட்டுத் தாள் வந்துவிட்டது.

கமிட்டி எப்போதும் சனிக்கிழமை சாயங்காலம்தான் கூடும். அதே மாமரத்தடியில் பாய் விரித்து, நடுவில் யங்கோனா வேரை இடித்துக் கரைத்த சட்டியை வைத்து, ஆளுக்கொரு கிண்ணம் குடித்துக்கொண்டு பள்ளி விவகாரம் பேசுவார்கள். அந்த வாரம் அக்கா பாயையும் சட்டியையும் எடுத்துப்போய் பலகை அடித்த தன் வகுப்பறையில் வைத்துவிட்டார். நேரம் மத்தியானம் ஒரு மணி என்று வீடு வீடாகச் சொல்லியனுப்பினார். வந்தார்கள், பாவம். கால் மணி நேரத்தில் தலைவர் சட்டைப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டு எழுந்தார். "உக்காருங்க, இன்னும் மணி அடிக்கல" என்றார் அக்கா. தலைவர் திரும்ப உட்கார்ந்தார். பலகையைக் கழற்றிக் கம்பி வலை அடிக்கலாம் என்று அங்கேயே முடிவானது. அடித்தவனே கழற்றட்டும் என்றார் தலைவர். நாளைக்கே செய்கிறேன் என்றேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நாளைக்கேன்னா நாளைக்கே" என்றார்.

நாளைக்கு நான் கழற்றவில்லை. அன்று சாயங்காலமே நியூசிலாந்து விசாவுக்கு நேர்காணல் என்று செய்தி வந்தது. திங்கட்கிழமை காலையில் தலைநகர் சுவாவில் இருக்க வேண்டும். ஞாயிறு விடிந்ததும் பஸ் ஏறிவிட்டேன். யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சுத்தியலை மாரியிடம் கொடுத்திருந்தால் ஒரு மணி நேர வேலை. எனக்கு அந்த நினைப்பே வரவில்லை என்பதை இத்தனை வருடம் கழித்தும் என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் வகுப்பில் ஒரு பெண் மயங்கி விழுந்து கை கால் இழுத்துக்கொண்டது. அக்கா அவளை வராந்தாவில் கிடத்தி, தண்ணீர் ஊற்றி, விசிறி, ஒரு டாக்ஸியை மறித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பெண் பிழைத்தாள். அதன் பிறகு, மறுநாளும் பிள்ளைகள் அதே அறையில்தானே உட்கார வேண்டும் என்று, எதிர்த் தோட்டத்தில் கரும்பு வெட்டும் கத்தியை வாங்கிவந்து பலகைகளை நெம்பியிருக்கிறார். மூன்றைக் கழற்றிவிட்டார். நான்காவதில் கத்தி வழுக்கி வலது கட்டைவிரலின் அடியில் நரம்பை அறுத்துவிட்டது. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை இடது கையால்தான் கரும்பலகையில் எழுதினார் என்று மாரி சொல்லித் தெரியும். சுவாவிலிருந்து திரும்பியதும் மீதிப் பலகைகளை நான் கழற்றினேன்.

விசா வந்தது. நாந்தி விமான நிலையத்துக்கு எங்கள் தெருவே வேன் பிடித்து வந்து மாலை போட்டு அழுதது. அக்கா தனியாக பஸ்ஸில் வந்தார், வலது கையில் இன்னும் கட்டு. அவரைப் பார்த்ததும் மாலைகளைக் கழற்றிவிட்டு அருகில் போனேன். "மன்னிச்சிடுங்க அக்கா, புள்ளைங்கள வெச்சுக்கிட்டு இங்க இருக்க பயமா இருக்கு, அதான் போறேன்" என்றேன்.

அவரிடமிருந்து வந்த ஒரு கடிதம், ஒரு படம்கூட என்னிடம் இல்லை. அன்று அவர் சொன்ன பதில் மட்டும் இருக்கிறது. கோபமாகச் சொல்லியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். எப்போதும் கத்திப் பேசுகிறவர், அன்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"போறதுக்கு எதுக்கு மாஸ்டர் மன்னிப்பு? எல்லாரும்தான் போறாங்க. ஜன்னலத் தெறந்து வெச்சிட்டுப் போயிருக்கலாம்."