வடிகட்டி அக்கா

"அந்த ஃபேனை நிறுத்துங்க. யாரோட சார்ஜர் அது? பிடுங்குங்க. மேசையில யாரு தாளம் போடறது? கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க."

தாளம் போட்டவன் நான்தான். கையைக் கட்டிக்கொண்டேன். மேசைக்கு அடியில் குனிந்து விளக்கின் பிளக்கையும் உருவிவிட்டு, முழங்காலைத் தட்டியபடி எழுந்தார் அக்கா. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை அவர் நம்புவதில்லை. அளக்கும்போது, துளி இரைச்சலையும் பெரிதாக்கிக் காட்டும் தம்முடைய பெருக்கியை பேட்டரியில்தான் ஓட்டுவார். வியர்த்துக் கொட்டினாலும் ஆய்வுக்கூடத்தில் ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது.

எங்கள் கம்பெனி ரேடியோக் கருவிகள் செய்கிறது. நான் அவற்றுக்குப் பயனர் கையேடு எழுதுகிறவன். வேறு அறையில் இடமில்லை என்று என்னை இங்கே ஒரு மூலையில் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கருவியின் நடுவிலும் சிந்தசைசர் என்று ஒரு சிப் உண்டு. கேட்ட அலைவரிசையை அது உண்டாக்கித் தரும். அந்தச் சின்னச் சதுரத்துக்குள் ஓயாமல் கணக்குப் போடும் பகுதி ஒன்று, அலையைப் பிறப்பிக்கும் பகுதி ஒன்று. ஆகாத ஓரகத்திகள் இருவர் ஒரே சமையலறையில் புழங்குவது மாதிரிதான். முன்னது சத்தம் போட்டுக்கொண்டேதான் வேலை செய்யும். பின்னதற்குச் சின்னச் சலசலப்பும் ஆகாது. இரண்டுக்கும் தனித்தனியாக, தூசு தும்பில்லாமல் மின்சாரம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அக்காவின் பொறுப்பு. அதனால்தான் அவருக்கு வடிகட்டி அக்கா என்று பெயர். அது அவருக்கும் தெரியும். "சல்லடைன்னு வைக்காம விட்டீங்களே, புண்ணியமாப் போச்சு" என்பார்.

ஐம்பதை நெருங்குகிற வயது. சின்ன உறுப்புகளைப் பார்க்க ஒரு கண்ணாடிமேல் இன்னொரு கண்ணாடியை மாட்டிக்கொள்வார். அப்படியே மறந்துபோய் கேண்டீன்வரை வந்துவிடுவதும் உண்டு. தேநீரை ஆறவைத்துத்தான் குடிப்பார். விரும்பி அல்ல, வாங்கியது ஞாபகம் வருவதற்குள் அது ஆறிவிடும். கணவர் பல் மருத்துவர். ஒருநாள் அக்காவை அழைத்துப்போக வந்தவர் மாடிப்படியில் என்னிடம் புலம்பினார்: "நான் ஊரார் பல்லைச் சுத்தம் பண்றேன், இவ கரண்ட்டைச் சுத்தம் பண்றா. வீட்டைச் சுத்தம் பண்ணத்தான் ஆளைக் காணோம்." பின்னாலேயே இறங்கி வந்த அக்கா, "உங்க கிளினிக்ல டியூப் லைட் சிமிட்டுதே, முதல்ல அதைப் பாருங்க" என்று வாயை அடைத்துவிட்டார்.

யாரிடமும் அவர் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. திமிர் என்று சிலர் சொல்வார்கள். எனக்கென்னவோ, கேட்கும்படியான தவறு எதையும் அவர் செய்து நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சிப் செய்பவர்கள் மாதிரிப் படம் ஒன்று தருவார்கள், மின்சாரம் இப்படி இப்படிப் போகட்டும் என்று. அக்கா அதை அப்படியே எடுத்துக்கொண்டு, முடிவில் தம் பங்குக்கு இன்னொரு வடிகட்டியைச் சேர்ப்பார். இரைச்சலை மறிக்க எள்ளளவில் கறுப்பாக ஒரு ஃபெரைட் மணி, பக்கத்திலேயே ஒரு கெப்பாசிட்டர். "எதுக்குக்கா, ஏற்கனவே சுத்தமாத்தானே இருக்கு?" என்று கேட்டால், "இருந்துட்டுப் போகட்டும்ப்பா, உன்னைச் சோறா கேட்குது?" என்பார்.

போன வருடம் புதுக் கருவி ஒன்றின் சர்க்யூட் போர்டு வந்து சேர்ந்தது. அதில் சிந்தசைசரின் அலையைக் கட்டி நிறுத்தும் சுற்றை வடிவமைத்தவர் ஓர் இளைஞர். அந்தச் சுற்றுக்கு லூப் என்று பெயர். அவருக்கு லூப் தம்பி என்று பெயர். ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர். அலையைத் திரையில் பார்த்தால் நடுவில் கூர்மையாக ஒரு கோடு நின்று, இருபுறமும் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். இதிலோ இறங்குகிற வழியில் இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டிருந்தது, பல்வலிக்காரர் கன்னம் மாதிரி. லூப் சரியாக அமையாவிட்டால் அச்சு அசலாக இப்படித்தான் புடைக்குமாம். அதனால் யாரும் யோசிக்கவே இல்லை. பழி நேராகத் தம்பியின் தலையில் விழுந்தது.

அவரும் மாற்றாத உறுப்பில்லை. கழற்றுவார், ஒட்டுவார், திரையைப் பார்ப்பார். "வீக்கம் இறங்கவே மாட்டேங்குதுக்கா" என்று அக்காவிடம் வந்து நிற்பார். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேவிட்டார்: "தப்பா எடுத்துக்காதீங்க. பவர்ல ஏதாச்சும் இருக்குமோ?"

அக்கா கோபப்படவில்லை. ஃபேனை நிறுத்தி, சார்ஜரைப் பிடுங்கி, எல்லாரையும் கையைக் கட்ட வைத்து அளந்து காட்டினார். மின்சாரத்தைச் சீராக்கி மணிக்கு அனுப்பும் ரெகுலேட்டரின் வாசலில் மின்சாரம் பளிங்கு மாதிரி இருந்தது.

"மணிக்கு அந்தப் பக்கமும் ஒரு தடவை பார்த்துடலாமாக்கா?"

"வடிகட்டறதுக்கு முன்னாடியே இவ்வளவு சுத்தம். வடிகட்டின பிறகா அழுக்காகும்? போப்பா, போய் உன் லூப்பைப் பாரு."

தம்பி தம் மேசைக்குத் திரும்பிவிட்டார். மேனேஜர் கெடு வைத்தார். வெள்ளிக்கிழமைக்குள் வீக்கம் இறங்காவிட்டால் அந்தப் பகுதியை வெளியிலிருந்து வாங்கிக்கொள்வது, தம்பியின் ஒப்பந்தத்தை அதோடு முடித்துக்கொள்வது. சொன்னவர் எல்லார் காதிலும் விழும்படியாகவே சொன்னார். தம்பி அன்றிலிருந்து கேண்டீன் பக்கமே வரவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை சோதனைப் போர்டு மேசையிலிருந்து விழுந்து, அக்காவின் மணி விரிசல்விட்டது. ஸ்டோரில் கேட்டால் கையிருப்பு இல்லை, பழைய போர்டில் தேடிப் பெயர்க்க நேரமாகும். கெடு நாளில் தம்பியின் வேலை நின்றுவிடக் கூடாதே என்று, மணி இருந்த இடத்தில் ஒரு துண்டுக் கம்பியைத் தற்காலிகமாக ஒட்டினார் அக்கா. தம்பி ஏதோ வாங்க வெளியே போயிருந்தார். அக்கா சுவிட்சைப் போட்டார். திரையில் நடுக்கோடு நின்றது. இருபுறமும் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

வீக்கம் இல்லை.

அக்கா இரண்டு கண்ணாடிகளையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மணியும் கெப்பாசிட்டரும் தனித்தனியே சாதுதான். ஜோடி சேர்ந்தால், குறிப்பிட்ட ஒரு வேகத்தில் வருகிற துளி இரைச்சலை ஊஞ்சல் ஆட்டுகிற மாதிரி ஆட்டிப் பெரிதாக்கிவிடும். தம்பியின் லூப் எந்த இடத்தில் புடைக்குமோ, சரியாக அந்த இடத்தில். இதையெல்லாம் பிற்பாடு நான் கேட்டபோது சொன்னார். அப்போது சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அடப்பாவி, நானா?"

கதவு திறந்தது. மேனேஜர் உள்ளே வந்தார்; அவருக்குப் பின்னாலேயே தம்பி, முகம் வெளிறிப்போய். மேனேஜர் திரையைப் பார்த்தார், போர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது.

"அதானே பார்த்தேன்! நீங்க கை வச்சதும் இறங்கிடுச்சு பாருங்க. இத்தனை நாளா ஒருத்தர் இதோட மல்லுக்கட்டினாரு, ஒண்ணும் நடக்கல. இதை முதல்லயே உங்ககிட்ட குடுத்திருக்கணும்."

தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லிய குரலில், "ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்றார். உண்மையாகவே சொன்னார்.

அக்கா சுவிட்சை அணைத்தார். கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டார். ஈயம் உருக்கும் சூட்டுக்கோலை எடுத்து அந்தத் துண்டுக் கம்பியைக் கழற்றினார்.

"ஐயையோ, என்ன பண்றீங்க? நல்லா இருக்கறதை எதுக்குக் கலைக்கறீங்க?" என்றார் மேனேஜர்.

பக்கத்தில் கிடந்த பழைய போர்டு ஒன்றிலிருந்து மணியைப் பெயர்த்தெடுத்தார் அக்கா. கம்பி இருந்த இடத்தில் மணியை வைத்து, இரண்டு முனையிலும் ஈயம் ஒட்டி, அது ஆறும்வரை காத்திருந்தார். அறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லவில்லை.

சுவிட்சைப் போட்டார். திரையில் இரண்டு பக்கமும் மறுபடி வீங்கி நின்றது.

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள், அக்கா இடுக்கியின் முனையால் மணியைத் தொட்டுக் காட்டினார். பிறகு தம்பியை நேராகப் பார்த்துக்கொண்டு, அந்த முனையைத் தம் பக்கமாகத் திருப்பினார்.