ஜூன் மாதத்தில் தொப்பி விற்காது

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், மூன்றாவது அறையான காம்பராவில் ஜீவராணி இருக்கிறாள். வயது நாற்பத்திரண்டு. வட்டவளைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இங்கேயே கொழுந்து பறித்து, இங்கேயே கல்யாணம் கட்டியவள். புருஷன் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போன இடத்தில் குளவி கொட்டி இறந்துபோனார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கு மலை என்றாலே பயம். கூடையைக் கட்டிக்கொண்டு போவாள், ஆனால் கண் செடியில் இருக்காது, மரத்திலேயே இருக்கும். எங்கே கூடு தொங்குகிறதோ என்று.

விட்டுவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் அவள் வீட்டில் தோட்டத்து வேலைக்குப் பதிந்த பேர் அவளுடையது ஒன்றுதான். வேலைக்கு ஆள் போகாத காம்பராவைத் தோட்டம் எத்தனை நாளைக்கு விட்டுவைக்கும்? மகள் தனுஷிகா பதினோராம் ஆண்டு படிக்கிறாள். அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கே போய் நிற்பது?

ஜீவராணிக்குக் கம்பளித் தொப்பி பின்னத் தெரியும். நன்றாகவே பின்னுவாள், காதை மூடுகிற மாதிரி. சிவனொளிபாதமலை யாத்திரைச் சீசன் தொடங்கினால் ஹட்டனில் ரயிலை விட்டு இறங்கி பஸ் ஏறுகிற சனத்துக்குக் கணக்கில்லை. கொழும்பிலிருந்து மெல்லிய சட்டையோடு வந்து, குளிரில் பல் அடித்து நிற்பார்கள். பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் தோட்டத்தில் வேலை இல்லை என்பதால், அவள் போயாவுக்குப் போயா பையைத் தூக்கிக்கொண்டு ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் போய் நிற்பாள்.

இந்தச் சீசனில் டிசம்பர் போயாவுக்கு இருபது தொப்பி போனது. ஜனவரியில் முப்பத்தாறு. பெப்ரவரியில் அறுபது. அன்று வந்ததும் வராததுமாக மகளைக் கூப்பிட்டாள்.

"பாப்பா, இது இப்படியே கூடிக்கிட்டே போகுமா? கணக்குப் போட்டுச் சொல்லு. நல்லா வந்தா நான் தோட்ட வேலையை விட்டுப் பேரை வெட்டிப்புடுறேன்."

தனுஷிகாவுக்குப் பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் இருபடிச் சமன்பாடு நடத்தியிருந்தார்கள். கையில் புது ஆயுதம் கிடைத்த மாதிரி வரைபுத்தாளை விரித்தாள். மூன்று போயாவுக்கு மூன்று புள்ளி வைத்தாள். அந்த மூன்றிலும் பிசகாமல் போகிற ஒரு சமன்பாட்டைக் கண்டுபிடித்தாள். வளைந்த கோடு மூன்று புள்ளியையும் தொட்டு, நிமிர்ந்து மேலே ஏறியது.

"மார்ச்சுக்குத் தொண்ணூத்திரெண்டும்மா. ஏப்ரல்ல நூத்தி முப்பத்திரெண்டு. மே மாசம் நூத்தி எம்பது!"

"சரியாத்தான் போட்டியா?"

"மூணு புள்ளியிலயும் கோடு போவுதும்மா. ஒரு நூல் கூடத் தள்ளல. பாருங்களேன்."

தாளை என்னிடமும் காட்டினார்கள். எனக்கு அந்தக் கணக்கு தெரியாது. கோடு மட்டும் வானத்துக்குப் போவது தெரிந்தது.

"மே மாசத்தோட சீசன் முடியுதே, அதுக்கப்புறம் யாருடி வாங்குவா?" என்று கேட்டேன்.

"தினம் போய் நின்னா தினம் விக்கும்க்கா. போயாவுக்கு மட்டும் போயே இவ்வளவு போவுது. நீங்க சும்மா வாயை வைக்காதீங்க" என்றாள் ஜீவராணி.

மலையை விட்டு இறங்க வேண்டும் என்ற ஆசை அவள் கண்ணை மறைத்திருந்தது. அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெப்ரவரிக் கடைசியில் ஆபீசுக்குப் போய்ப் பேரை வெட்டிக்கொண்டாள். காம்பராவை உடனே கேட்க மாட்டோம், கொஞ்சநாள் பார்ப்போம் என்றார்களாம்.

மார்ச் முழுக்கத் தினமும் ஹட்டனுக்குப் போனாள். சாதாரண நாளில் இரண்டு மூன்று விற்றால் பெரிது, பஸ் காசுக்கும் தேநீருக்குமே சரி. போயாவுக்குத் தொண்ணூற்றிரண்டு தொப்பி பின்னிக் கொண்டுபோனாள். ஐம்பத்துநான்குதான் போனது. மீதியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பையை மூலையில் போட்டுவிட்டுச் சோறு வடித்தாள்.

தனுஷிகா இரண்டு நாள் சாப்பாட்டில் கை வைக்காமல் பழைய தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், நான் ஜீவராணியோடு விறகு பிளந்துகொண்டிருந்த இடத்துக்கே வந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"அம்மா, நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"கூட்டல்ல தப்பா?"

"கூட்டல் சரிதான். மூணு புள்ளி மட்டும் இருந்தா எப்படி வச்சாலும் ஒரு வளைவு அதுல அச்சாப் போயிரும்மா. அது சரின்னு காட்ட நாலாவது புள்ளி வேணும். நான் அதுக்கு முன்னாடியே உங்ககிட்ட சொல்லிட்டேன்."

புதுத் தாளை விரித்தாள். இந்த முறை கோடு எல்லாப் புள்ளியையும் தொடவில்லை. இடையிலே புகுந்து போனது. போன வருஷம் விற்றதையும் அம்மாவிடம் கேட்டுக் கேட்டுப் பக்கத்திலே குறித்திருந்தாள். கோடு கவிழ்த்துவைத்த சட்டி மாதிரி ஏறி, மார்ச் பக்கம் உச்சிக்குப் போய், இறங்கியது.

"இங்க பாருங்க. நவம்பர்ல பூச்சியம். ஜூன்ல திரும்பப் பூச்சியம். நடுவுல இருக்கிறதுதான் நம்ம யாவாரம்."

"ஜூன் தாண்டினா?"

"ஜூலைக்குப் போட்டா மைனஸ் நாப்பதும்மா."

"மைனஸ் நாப்பது தொப்பின்னா என்னாடி? வித்ததை எல்லாம் திருப்பிக் கொண்டாந்து என் தலையில மாட்டுவாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை சிரிக்கவில்லை.

"அந்தப் பக்கம் இந்தக் கணக்கு செல்லாதுன்னு அர்த்தம். ஜூன்லருந்து நவம்பர் வரைக்கும் தொப்பியால நமக்குச் சோறு இல்லம்மா." சொல்லும்போதே அழுதாள். "என்னாலதான பேரை வெட்டுனீங்க."

ஜீவராணி கோடரியைக் கட்டையில் கொத்தி நிறுத்தினாள். "ஓலம் வைக்காத. நீ கோடு போட்டா, கால் எடுத்து வச்சவ நான். மொகத்தைக் கழுவிட்டு வா." தாளை மட்டும் கீழே வைக்கவில்லை. பூச்சியம் இருந்த இரண்டு இடத்தையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

ஏப்ரலில் தொப்பி இன்னும் குறைந்தது. மே போயா முடிந்த வாரம், காலையில் ஆள் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் கூடையோடு போய் நின்றாள். தேயிலைச் செடிகளுக்கு மேலே பனி மூடியிருந்தது. கூடக் கொழுந்து பறிக்கிற காளியாயிக்கு வாய் சும்மா இருக்குமா?

"அடியேய், தொப்பி மொதலாளி வந்திருக்கா! ஒதுங்குங்கடி, காருக்கு வழி விடுங்க!"

நாலுபேர் சிரித்தார்கள். ஜீவராணி திரும்பவில்லை. வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா எல்லாருக்கும் அன்றைக்குப் பறிக்கிற மலையைப் பிரித்துக் கொடுத்து முடிக்கிறவரை அவளை நிற்கவைத்தார். கடைசியில்தான் கேட்டார்.

"என்னா, யாவாரம் படுத்துருச்சா? ஆள் பத்தல, அதனால சொல்றேன். பேரை மறுபடி பதியச் சொல்றேன். ஆனா வருஷம் முழுக்க வேலைக்கு வரணும். சீசன், தொப்பின்னு ஓடக் கூடாது."

"பேர் வேணாங்க ஐயா. கைகாசுக்கு வர்றேன். வந்த அன்னைக்கு மட்டும் சம்பளம் குடுங்க. டிசம்பர்லருந்து மே வரைக்கும் நான் வரமாட்டேன்."

"கைகாசுன்னா ஈபிஎஃப் கெடையாது. வயசான காலத்துல கையில ஒண்ணும் வராது, தெரியுமா?"

"தெரியும்ங்க. காம்பராவுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"பாதி வருஷமாவது ஆள் வந்தா லயத்தைப் பத்தி நான் வாயெடுக்க மாட்டேன். எனக்கு மேல இருக்கிறவங்க என்னா சொல்லுவாங்களோ, அதுக்கு நான் பொறுப்பில்ல."

"அது போதும்ங்க ஐயா."

எனக்கு இது பிடிக்கவில்லை. அன்று சாயங்காலம் முகத்துக்கு நேரே சொன்னேன். "பைத்தியக்காரி, குடுத்த பேரை வேணாம்னியாமே? கெழவியானா எவன்டி ஒனக்குக் கஞ்சி ஊத்துவான்?"

காலில் ஒட்டியிருந்த அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"வருஷம் முழுக்க அந்த மரத்தடியில நின்னா நான் கெழவியாகவே மாட்டேன்க்கா. ஆறு மாசம்னா பல்லைக் கடிச்சிக்கிட்டுத் தாங்கிப்புடுவேன். எது வரைக்கும்னு இப்ப எனக்குத் தெரியும்."

இப்போது ஜூன். மழை விட்டபாடில்லை. நனையாமலிருக்க முரட்டுப் படங்குத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு விடியற்காலையில் மலைக்குப் போகிறாள். இன்னும் மரத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கொழுந்து எடுக்கிறாளாம்.