டர்போ வண்டியில் காற்று தேடிய காலம்

கார் மெக்கானிக் தொழிலில் ஆயில் ஒழுகினால் தரையில் தெரியும், தண்ணீர் ஒழுகினால் காலில் படும், காற்று ஒழுகினால் மட்டும் வண்டிக்காரர் வாயில்தான் தெரியும். "பிக்கப் இல்லப்பா" என்பார். நமக்குக் கிடைக்கும் துப்பு அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நாம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஒர்க்‌ஷாப் வாசலில் மணிக்கணக்காகக் காத்துக் கிடந்த அன்பர்களே, நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். பானட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள் பட்ட பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்கள் அவை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு எதிரே, ஜி.என்.டி. ரோட்டை ஒட்டி நானும் நரசிம்மலுவும் கூட்டாக ஒர்க்‌ஷாப் வைத்திருந்தோம். நரசிம்மலு ஆந்திர எல்லையில் இருக்கும் தடா ஊர்ப் பக்கத்துக்காரன். என்னை விட வயதில் மூத்தவன், ஆனாலும் என்னை "நைனா" என்றுதான் கூப்பிடுவான். லாரி வேலை பார்த்துப் பழகிய எங்களிடம் டர்போ டீசல் கார்கள் வர ஆரம்பித்த நேரம் அது. டர்போ என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இன்ஜினுக்குள் காற்றை அடைத்துத் திணிக்கும் சின்ன விசிறி. திணித்த காற்று போகப் பெரிய ஹோஸ்கள் உண்டு. அந்த விசிறியை அடக்கி ஆள, காற்றை உறிஞ்சும் மெல்லிய ஹோஸ்களும் உண்டு. இதில் எது எங்கே கீறிக்கொண்டாலும் வண்டி மேம்பாலம் ஏறாமல் மூச்சு வாங்கும்.

டிரைவரும் ஒரு ஸ்பேர் பார்ட்

எங்களை அதிகம் படுத்தியது தில்லிபாபு ஓட்டிய கார். தில்லி, பேட்டையில் இருந்த ஒரு இரும்புத் தொழிற்சாலை மேனேஜரின் டிரைவர். அந்த மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர், சுத்தம் பார்ப்பவர். வெளிநாட்டு விருந்தாளிகள் ஏறும் வண்டி என்பதால் முன்னால் பூ, பழம், பொம்மை எதுவும் தொங்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டாராம். தில்லியும் வண்டியைக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தான். ஆனால் மேனேஜர் ஏறி உட்கார்ந்து மேம்பாலத்தில் போனால் போதும், வண்டி இழுக்காது. பின்னால் கறுப்புப் புகை வேறு.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் வாசலுக்கு வந்தால் அந்த வண்டிக்கு ஒரு குறையும் இருக்காது. ஒரு முழ ரப்பர் டியூபை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை ஒவ்வொரு ஹோஸ் பக்கமும் கொண்டுபோவேன். காற்று ஒழுகினால் 'ஸ்ஸ்' என்று காதுக்குள் கேட்கும். தில்லி வண்டியில் ஒன்றும் கேட்காது. ஆரம்பாக்கம் வரை ஓட்டிப் பார்த்தால் ஜம்மென்று பறக்கும். மெட்ராஸில் கம்பெனி சர்வீஸிலும் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, குறை ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். வண்டியில் குறை இல்லை என்றால் மிச்சம் இருப்பது யார்? தில்லி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"பார்ட்ஸ் எல்லாம் மாத்திப் பாத்தாச்சு, டிரைவரை மாத்திப் பாக்கலாமான்னு மேனேஜரு கேக்குறாருணா. என்னையும் ஸ்பேர் பார்ட்ல சேத்துட்டாங்கோ!"

காணாமல் போன விசில்

ஆரம்பாக்கத்தில் நஞ்சை வைத்திருந்த முனிரத்தினம் ஒரு டர்போ கார் வாங்கி, அதில் உர மூட்டையும் ஏற்றுவார், உறவுக்காரர்களையும் ஏற்றுவார். அவர் வண்டி ஜி.என்.டி. ரோட்டில் திரும்பும்போதே எங்களுக்கு விசில் சத்தம் கேட்கும். ஏதோ பாட்டரி தீர்ந்துபோச்சு என்று வந்தவரை நரசிம்மலு விடவில்லை. சோப்புத் தண்ணீரை ஹோஸ்கள் மேல் தெளித்து, "ரேஸ் குடு நைனா" என்றான். நான் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் பெரிய ஹோஸின் கழுத்தில் நுரை பொங்கியது. கிளாம்பு தளர்ந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. புது கிளாம்பு போட்டோம். விசில் நின்றது.

அதே சூட்டோடு தில்லி வண்டியிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தோம். ஒரு குமிழி கூட வரவில்லை. காற்று தள்ளுகிற ஹோஸில்தான் குமிழி வரும், உறிஞ்சுகிற ஹோஸில் வராது, சோப்பைத்தான் உள்ளே இழுக்கும் என்று நரசிம்மலு தலையைச் சொறிந்தான். பக்கத்தில் நின்றிருந்த தில்லி முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அடுத்த வாரம் முனிரத்தினம் திரும்பி வந்தார். வண்டி நன்றாக இழுக்கிறது என்று பாராட்ட வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

"இன்னாபா, விசிலை எங்க கழட்டி வெச்ச? அந்தச் சத்தம் கேட்டுத்தான் ஊட்ல கொழம்ப சூடு பண்ணுவாங்கோ. இப்போ போனா எல்லாம் ஆறிக்கினு கெடக்குது!"

வெள்ளிக்கிழமைப் புகை

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பெரியவர் தூபக்காலோடு கடை கடையாக வருவார். மயிலிறகால் சாம்பிராணிப் புகையை விசிறிவிட்டுப் போவார். அன்று எங்கள் கடையில் பழவேற்காட்டு இறால் வியாபாரி காதர் பாயின் கார் பானட்டைத் திறந்தபடி நின்றது. காலையிலிருந்து தேடியும் கோளாறு பிடிபடவில்லை. புகையைப் பார்த்ததும் நரசிம்மலுவுக்குப் பொறி தட்டியது. பெரியவரிடம் கேட்டு நெருப்பையும் சாம்பிராணியையும் ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் வாங்கிக்கொண்டான். டப்பாவில் ஒரு குழாயைச் செருகி, கம்ப்ரஸர் காற்றை மெல்ல விட்டு, புகையை இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் அனுப்பினான். ஒரு ஹோஸின் அடிவயிற்றிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் கிளம்பியது. அங்கேதான் கீறல். பெரியவரே கைதட்டிச் சிரித்துவிட்டார்.

அந்த வாசனையும் டீசல் வாசனையும் கலந்து கடை முழுவதும் சுற்றிய அந்தக் காலையை நினைத்தால் இன்றும் மனசு லேசாகிறது. அன்று மாலையே தில்லி வண்டிக்கும் புகை போட்டோம். பெரிய ஹோஸ் எதிலும் ஒரு கசிவும் இல்லை. அப்படியென்றால் கோளாறு மெல்லிய ஹோஸ்களில்தான். அவற்றையும் ஒவ்வொன்றாகக் கையால் தடவிப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. "பானட்டுக்குள்ள நீ எதாவது கை வெச்சியாடா?" என்று தில்லியைக் கேட்டேன். அம்மா மேல் சத்தியம் என்றான். காதர் பாய் மட்டும் போகும்போது புகை டப்பாவை ஒரு தரம் எட்டிப் பார்த்தார்.

"எங்க கடைக்கும் வாரா வாரம் இந்தப் புகையைத்தானே போடுறாரு, யாவாரத்துல ஓட்டை எங்கேன்னு ஒரு நாளும் காட்டுனதில்லையேப்பா!"

வக்கீல் வண்டியும் சந்தனமும்

ஆயுத பூஜை முடிந்த வாரம் எங்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும். பூஜைக்கென்று இன்ஜினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, ஏதாவது ஒரு ஹோஸைக் கழற்றிவிட்டு வருவார்கள். திருவள்ளூர் கோர்ட்டில் வக்கீலாக இருந்த ஒருவர் கதை நேர்மாறு. பூஜைக்கு முன்னால் இழுக்காத வண்டி, பூஜை அன்று அபாரமாக ஓடியதாம். ஒரு வாரத்தில் மறுபடி படுத்துவிட்டது. பானட்டைத் திறந்தேன். அவர் வீட்டில் எல்லா ஹோஸுக்கும் கெட்டியாகச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்திருந்தார்கள். உறிஞ்சும் ஹோஸ் ஒன்றின் கீறலைச் சந்தனம் அடைத்திருக்கிறது. காய்ந்து உதிர்ந்ததும் கீறல் வாயைத் திறந்துவிட்டது. அன்றிலிருந்து எந்த பானட்டைத் திறந்தாலும், பக்தி எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வக்கீலிடம் விஷயத்தைச் சொல்லி, ஹோஸை மாற்ற வேண்டும் என்றேன்.

"எதுக்கு மாத்தணும்? வாரா வாரம் பூஜை போட்டுடறேன், நீங்க பிரசாதம் வாங்க வாங்க!"

சட்டைப் பை

ஒரு சனிக்கிழமை தில்லியின் வண்டி வந்து நின்றது. இந்த முறை அவன் தனியாக வரவில்லை. பின் சீட்டில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். மேம்பாலத்தில் வண்டி மறுபடி மூச்சு வாங்கியிருக்கிறது. நேராக மெக்கானிக்கிடம் விடு, நானே பார்க்கிறேன் என்று கூடவே வந்துவிட்டார். திங்கட்கிழமை வேறு டிரைவரை வரச் சொல்லியிருப்பதாக என் காதுபடவே சொன்னார். தில்லி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் மறக்கவே மாட்டேன். அவனுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது.

மேனேஜர் நரசிம்மலு போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். நான் இன்ஜினை ஓடவிட்டு பானட்டைத் தூக்கினேன். முதல் முறையாக அந்த 'ஸ்ஸ்' கேட்டது, டியூபே இல்லாமல். எட்டிப் பார்த்தால், முன் கண்ணாடிக்குக் கீழே, ஏசிக்குக் காற்று இழுக்கும் மூலையில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்டுக்கம்பியில் கோத்துத் தொங்குகின்றன. கம்பி சுற்றியிருந்தது டர்போவை ஆளும் அந்த மெல்லிய ஹோஸின் மேல். பழம் ஆட ஆட, ஹோஸின் வாய்ப் பக்கம் ஒரு கீறல் திறந்து திறந்து மூடியது. விரலால் பழத்தைத் தூக்கிப் பிடித்தேன். சத்தம் நின்றது. விட்டேன். மறுபடி 'ஸ்ஸ்'.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முன்னால் எதுவும் தொங்கக் கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டதால், வேலைக்குக் கண் பட்டுவிடக் கூடாதே என்று இவன் திருஷ்டிக்குப் பழத்தைப் பானட்டுக்குள் ஒளித்துக் கட்டியிருக்கிறான். நாங்கள் பார்த்தால் மேனேஜர் காதுக்குப் போய்விடுமே என்று, இங்கே வரும்போதும் மெட்ராஸ் சர்வீஸுக்குப் போகும்போதும் வழியில் அவிழ்த்து வைத்துவிட்டு வந்திருக்கிறான். பாரம் போனதும் கீறல் மூடிக்கொண்டது, எங்கள் காதும் சோப்பும் புகையும் ஏமாந்தன. இன்று மேனேஜர் கூடவே வந்ததால் அவிழ்க்க வழியில்லை. வேலை போகாமல் இருக்கக் கட்டிய பழம்தான் அவன் வேலையைப் பறிக்கப் பார்த்தது.

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கம்பியை முறுக்கிப் பிய்த்து, பழத்தையும் மிளகாயையும் அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மேனேஜர் வந்து குனிந்தார். "ஹோஸ் வாய்ல கிழிஞ்சிருக்கு சார். ஓட்டுறவர் மேல தப்பே இல்ல. யார் ஓட்டுனாலும் மேம்பாலம் ஏறாது" என்றேன். சொன்னது அத்தனையும் உண்மைதான், சொல்லாதது பையில் இருந்தது. புது ஹோஸை மாட்டினோம். மேனேஜர் ஏறிக்கொண்டார், தில்லி ஓட்டினான், நானும் முன் சீட்டில் உட்கார்ந்து போனேன். வண்டி மேம்பாலத்தில் சிட்டாக ஏறியது. உச்சியில் தில்லி மூக்கை உறிஞ்சினான். சளி இல்லை என்று எனக்குத் தெரியும்.

கடை வாசலில் இறங்கியதும் மேனேஜர், திங்கட்கிழமை ஆளை வர வேண்டாம் என்று போனில் சொன்னார். பிறகு என் பக்கம் வந்து நின்று, ஈரமாகிப் போயிருந்த என் சட்டைப் பையைப் பார்த்தார்.

"ரெண்டு மாசமா ஏசி போட்டா எலுமிச்சம்பழ வாசனைங்க. இப்ப போயிட்டு வந்தப்ப வரலை. பையில இருக்கறதைத் தில்லிகிட்டக் குடுத்துடுங்க, முன்னாடி பம்பர்லயே கட்டட்டும்."

அதன் பிறகு எந்த வண்டி இழுக்கவில்லை என்று வந்தாலும் நரசிம்மலு முதலில் கேட்டது "பழம் எங்க கட்டியிருக்கீங்க?" என்றுதான், கட்டவே இல்லை என்று சத்தியம் செய்தவர்கள் வண்டியில்தான் அது தவறாமல் இருந்தது.