மூன்று ஷிப்டும் ஒரே மேசையில்

ஒரே குவார்ட்டர்ஸில் நாங்கள் மூன்று பேர் இரண்டு வருஷத்துக்கு மேல் குடியிருந்தோம். ஆனால் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டது கிடையாது. சண்டையெல்லாம் இல்லை. ஷிப்ட் அப்படி. ஒருத்தனுக்குக் காலை என்றால் இன்னொருத்தனுக்கு மதியம், மூன்றாமவனுக்கு ராத்திரி. வாரம் மாறும்போது மூன்று பேருக்கும் சேர்ந்தே மாறும். எப்படிச் சுற்றினாலும் ஒரு ஆள் வெளியேதான் இருப்பான். வார லீவும் ஆளுக்கொரு கிழமை.

பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்ட ஞாபகமே இல்லை. ஊர்தான் பெயர். திருநெல்வேலி, அனல் மின் நிலையத்தில் ஃபிட்டர். கோயம்புத்தூர், ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். எங்களைவிட நாலைந்து வயது மூத்தவர், அதனால் அண்ணே. நான் சேத்தியாத்தோப்பு. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, காண்ட்ராக்டில் மண் சுமந்து, பிறகு சுரங்கத்தில் நிலக்கரி ஓடும் பெல்ட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பெர்மனென்ட் ஆனவன். பெர்மனென்ட் ஆன பிறகும் கேட்டில் நுழையும்போதெல்லாம் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பாஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். பிறவிக் குணம்.

சமையலில் எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். வீட்டில் இருக்கிறவன் பொங்குவான். தன் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தட்டுப் போட்டு மூடி வைப்பான். ஷிப்டில் இருக்கிறவன் பங்கை யாரும் தொடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் நல்லியெலும்பு வேலைக்குப் போனவனுக்கு. ஒருமுறை பூனை ஒரு வறுத்த மீனைத் தூக்கிக்கொண்டு போனதற்கு அண்ணனும் திருநெல்வேலியும் மூன்று நாள் பேசாமல் இருந்தார்கள். பூனைதான் என்று நான் சொன்னதை இருவருமே நம்பவில்லை.

திருநெல்வேலிக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் பேச்சு ஆரம்பித்தது. தை பிறந்ததும் கல்யாணம். அப்புறம் அவன் வேறு பிளாக்கில் ஃபேமிலி குவார்ட்டர்ஸுக்குப் போய்விடுவான்.

"ஏல சேத்தியாத்தோப்பு, அதுக்குள்ள நாம மூணு பேரும் ஒரே மேசையில இருந்து திங்கணும்டே" என்றான்.

"இங்கியே பொங்கித் தின்னா ஆவாதா?"

"இங்க இருந்தா எவனுக்காவது ஷிப்டு பஸ்ஸு வந்துரும்லா. மெட்ராஸுக்குப் போவோம். சீனாக்காரன் ஹோட்டலுக்கு."

அவன் அப்ரண்டிஸாக மெட்ராஸில் இருந்த காலத்தில் மவுண்ட் ரோடு பக்கம் ஒரு சீன ஹோட்டலைத் தினமும் தாண்டிப் போவானாம். சிவப்புக் கதவு, கதவில் தங்க நிறத்தில் பாம்பு மாதிரி ஒன்று, உள்ளேயிருந்து பூண்டு வதங்கும் வாசனை. தனியாக உள்ளே போகத் தைரியம் வரவில்லை. சாயங்காலம் பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மாவிலிருந்து வந்தவர்கள் தள்ளுவண்டி போட்டு அத்தோ என்று ஒன்று விற்பார்களாம். அங்கேயும் போக வேண்டும். சனிக்கிழமை மதியம் சீனா, சாயங்காலம் பர்மா, ராத்திரி திருவல்லிக்கேணியில் அவன் ஊர்க்காரன் அறையில் படுக்கை, ஞாயிற்றுக்கிழமை பஸ். இதுதான் திட்டம்.

அந்தத் திட்டத்தைப் போட்டு முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. மூன்று பேரும் சேர்ந்து பேச முடியாதே. பிளாக் முனையில் கம்பெனி பஸ் நிற்கும். ஒருத்தன் இறங்குவான், ஒருத்தன் ஏறுவான். அந்த இடைவெளியில் சொன்னதுதான் பேச்சு. நான் அண்ணனிடம் சொன்னதை அவர் திருநெல்வேலியிடம் சொல்லி, அவன் என்னிடம் திரும்பக் கொண்டுவரும்போது நான் சொன்ன "வேணாம்" எப்படியோ "சரி" ஆகியிருக்கும்.

எனக்கோ தூக்கம் போய்விட்டது. சீனாக்காரன் தவளை போடுவானாமே? மெனு கார்டெல்லாம் இங்கிலீஷில் இருந்தால் என்னத்தைக் கேட்பது? செருப்போடு விடுவார்களா? எல்லாவற்றுக்கும் மேல் அந்தக் குச்சி. இரண்டு குச்சியால் எடுத்துத் தின்ன வேண்டும் என்று திருநெல்வேலி சொன்னதிலிருந்து எனக்கு அதே யோசனை. கடைசியில் விளக்குமாற்றில் இரண்டு குச்சியை உருவிக் கழுவி, பண்ருட்டி முந்திரி ஒரு பொட்டலம் வாங்கிவந்து, தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பழகினேன். ராத்திரி ஷிப்ட் முடித்துப் படுத்திருந்த அண்ணன் சத்தம் கேட்டு எழுந்து வந்தார்.

"ஏனப்பா, முந்திரிக்கு வைத்தியம் பாக்கறயா?"

"பழகிகினு இருக்கேண்ணே. அங்க போய்க் கீழ போட்டா மானம் பூடும்."

அவர் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். "செரி, நீ பழகு கண்ணு. கீழ உளுகறதெல்லாம் என்னோடது." பொட்டலத்தில் முக்கால்வாசி அவர் வயிற்றுக்குத்தான் போனது.

அவர்கள் இருவரும் வேறு ஆட்களோடு ஷிப்ட் மாற்றிக்கொண்டு சனி, ஞாயிறு லீவு வாங்கிவிட்டார்கள். எனக்குச் சனி ராத்திரியும் ஞாயிறும் கிடைத்தன. வெள்ளி ராத்திரி வேலை மட்டும் தப்பவில்லை. சனிக்கிழமை விடிந்து காலை ஷிப்ட் ஆள் வந்து என் இடத்தில் நின்றால்தான் நான் நகர முடியும். பெல்ட்டை ஆளில்லாமல் விடக்கூடாது. அவன் வரவில்லை என்றால் நானே அடுத்த ஷிப்டும் நிற்க வேண்டும். மெட்ராஸ் பஸ் போய்விடும். அடுத்து மூன்று பேருக்கும் லீவு அமைவதற்குள் தை வந்துவிடும். ஆக எல்லாம் அந்த ஒரு மனுஷன் கையில் இருந்தது. அவனோ என் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரன், நாலு பிள்ளைக்காரன், நினைத்தால் லீவு போடுகிறவன்.

நான் விடவில்லை. அந்த வாரம் முழுக்க அவனைக் கேட்டேன். கேட்டில் கேட்டேன், கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டேன், வியாழக்கிழமை அவன் வீட்டுக்கே போய், "பசங்களுக்கு ஒடம்பு நல்லா இருக்குதா?" என்று விசாரித்தேன். அவன் பெண்டாட்டி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

சனிக்கிழமை இன்னும் இருட்டு பிரியவில்லை. பெல்ட் ஓரமாக ஒரு ஆள் நடந்து வருவது தெரிந்தது. ஷிப்ட் மாற இன்னும் நேரம் கிடந்தது. அவனேதான்.

"இன்னாய்யா, இத்தினி சீக்கிரம்?"

"நீ எங்கய்யா தூங்க வுட்ட? கண்ண மூடுனா 'வருவியா வருவியா'ன்னு நீயே வந்து நின்னுகினு இருக்க. கனாவுல பேய் வந்தாலும் பரவால்ல, நீ வர. அப்பிடி ஓரமா குந்து. மணி அடிச்சதும் மொத ஆளா ஓடு. சீனாவ பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு."

மணி அடித்ததும் ஓடினேன். குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, சட்டைப் பையில் மூன்று எவர்சில்வர் ஸ்பூனும் வைத்துக்கொண்டேன். முந்திரியிலேயே தோற்றவன் நான். பஸ் ஸ்டாண்டில் அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாக நிற்பதைப் பார்த்தபோது விசித்திரமாக இருந்தது. அவர்களை நான் சேர்த்துப் பார்த்ததே அபூர்வம். பண்ருட்டி தாண்டுமுன் தூங்கிப்போனேன்.

சிவப்புக் கதவு அங்கேயே இருந்தது. உள்ளே இருட்டு, குளிர்ச்சி. செருப்பைக் கழற்றப் போன என்னை அண்ணன் முழங்கையால் இடித்தார். மேசையில் முள்கரண்டியும் ஸ்பூனும் பளபளவென்று கிடந்தன. குச்சியைக் காணோம்.

"நல்லவேள, ஸ்பூன் கொண்டாந்தியே சாமி, இங்க பஞ்சமாட்ட இருக்குது" என்று என் சட்டைப் பையைத் தட்டினார் அண்ணன்.

பரிமாறுகிறவர் நல்ல தமிழில் பேசினார். தவளை இருக்கிறதா என்று கேட்டேன். "தவளை வேணுமா சார்?" என்று கேட்டார். திருநெல்வேலி குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். சூப் வந்தது, குடித்தோம். அப்புறம் பெரிய கிண்ணம் நிறைய நூடுல்ஸ். கோழியும் முட்டைக்கோஸும் போட்டு, ஆவி பறந்தது. இதற்குத்தானே ஒரு மாதம்! சாப்பிட்டேன். அந்த ருசியை இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பூண்டு, மிளகு, புகை, அதற்கடியில் ஒரு இனிப்பு. தட்டு காலியானது. மூன்று பேரும் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

கிண்ணத்தில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

இவர்களுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. இவ்வளவு தூரம் வந்து, இந்த ஒரு நாளும் வீணாய்ப் போய்விட்டது. திருநெல்வேலியும் கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிக் கவலையோடு பார்த்தான்.

பரிமாறுகிறவர் வந்தார். "பிடிக்கலையா சார்? எடுத்துரட்டுமா?"

அவர் கை கிண்ணத்துக்குப் போனதும் என் கை தானாகப் பாய்ந்து அதன் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து மூடியது. "தொடாதீங்க! அது ஷிப்டுக்குப் போன ஆளோட பங்கு!"

திருநெல்வேலி மெதுவாக விரலை நீட்டி அண்ணனைக் காட்டினான், என்னைக் காட்டினான், தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டான்.

"ஏல, மூணு பேரும் இங்கதான இருக்கோம். எவம்ல ஷிப்டுல இருக்கான்?"

"அட, ஆமா!" என்றார் அண்ணன். "நானும் உங்க ரெண்டு பேத்துக்குன்னுதானப்பா கொஞ்சமா எடுத்தேன்!"

திருநெல்வேலியும் அப்படித்தான். கோழித் துண்டு எல்லாவற்றையும் ஒதுக்கிக் கிண்ணத்தின் ஒரு பக்கமாகச் சேர்த்து வைத்திருந்தான், நல்லியெலும்பு மாதிரி. எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளுக்கே மூன்று பேரும் பங்கு எடுத்து வைத்திருக்கிறோம். சிரித்த சிரிப்பில் அண்ணனுக்குப் புரையேறியது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முதல் தடவையாக அதைப் பற்றிக் கவலை வரவில்லை. தட்டை நிமிர்த்திப் போட்டுக்கொண்டு கிண்ணத்தை வழித்துத் தின்றோம். பரிமாறுகிறவர் எங்களை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, கேட்காமலே இன்னொரு கிண்ணம் சூப் கொண்டுவந்து வைத்தார்.

சாயங்காலம் பீச் ஸ்டேஷன் எதிரே தள்ளுவண்டிகளில் பெட்ரோமாக்ஸ் ஏற்றியிருந்தார்கள். ஆரஞ்சு நிற நூடுல்ஸில் முட்டைக்கோஸும் பொரித்த வெங்காயமும் புளித்தண்ணியும் போட்டு ஒரு அம்மா கையாலேயே பிசைந்துகொண்டிருந்தார். தண்ணீர் கொதிக்க வைத்ததா என்று கேட்க வாயெடுத்தேன்; அண்ணன் என் வாயைப் பொத்தினார்.

"மூணு தட்டா தம்பி?"

"ஒரே தட்டுல போடுங்க தாயி" என்றார் அண்ணன். "நெறையாப் போடுங்க."

ஒரே தட்டில் மூன்று கை. கடல் காற்றுக்கு நூடுல்ஸ் ஆறிவிடுமோ, அந்த அம்மா கூடக் கொடுக்கும் வாழைத்தண்டு சூப் தீர்ந்துவிடுமோ, காலையில் பஸ்ஸில் இடம் கிடைக்குமோ என்று நான் வழக்கம்போல ஆரம்பித்துவிட்டேன். தட்டின் நடுவில் மசாலா அடைத்த அவித்த முட்டை ஒன்று மிச்சம் இருந்தது. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே திருநெல்வேலி அதை யாரையும் கேட்காமல், யாருக்கும் பங்கு வைக்காமல் எடுத்து, முழுசாக வாயில் போட்டுக்கொண்டான்.