கேட்டுக்கு உள்ளே வேற ஆளு

போன வாரம் கிருஷ்ணன்கோவிலில் பஸ் மாற இறங்கியபோது ஒரு டீ குடித்தேன். சர்க்கரை போடாத டீ. டாக்டர் சொல்லி நாலு வருஷமாகிறது, இன்னும் ஒவ்வொரு டீயையும் தண்டனை மாதிரிதான் குடித்துக்கொண்டிருக்கிறேன். பேப்பர் கப்பில் கொடுத்தார்கள். டீ வாசனையைவிட அட்டை வாசனைதான் தூக்கலாக இருந்தது. காலேஜ் பிள்ளைகள், தேங்காய் லாரி டிரைவர், கண்டக்டர் எல்லோர் கையிலும் அதே கப். குடித்ததும் கசக்கி டிரம்மில் போட்டுவிட்டுப் போனார்கள். இந்தப் பக்கத்து டீக்கடைகளில் தெருவுக்கு ஒரு தம்ளர் இருந்த காலம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதை யாரும் மனசு மாறி ஒழித்ததாக எனக்கு ஞாபகமில்லை. கழுவ ஆள் கிடைக்கவில்லை, பேப்பர் கப் வந்தது, அவ்வளவுதான்.

தம்ளர் என்றதும் எனக்கு மில் கேன்டீன்தான் முன்னால் வந்து நிற்கும். இருபத்திரண்டு வயதில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காகச் சேர்ந்தேன். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று எழுதுகிற வேலை. பஞ்சுத் தூசி தலையில், இமையில், சோற்றில் எல்லாம் இருக்கும். முதல் வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டிலிருந்து ஒரு தம்ளரைத் துண்டில் சுற்றிக் கொண்டுபோனேன். சுத்தத்துக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேன்டீனில் டீ ஊற்றுகிற ராஜம்மாக்கா நாலாம் நாள் கேட்டார்:

"ஏன் தம்பி, ஒங்க தம்ளர்ல ஊத்துனா மட்டும் கூடுதலா இனிக்குமோ?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து தம்ளர் வீட்டில் தங்கிவிட்டது. நான் திருந்திய கதை இவ்வளவுதான். அதில் கொள்கை எதுவும் கிடையாது, வெறும் கூச்சம்.

அந்த வரிசையில் சத்தமாகச் சிரித்த இரண்டு பேர் கருப்பையாவும் வேலுச்சாமியும். இரண்டு பேரும் ஃபிட்டர்கள், ஒரே ஷிஃப்ட். வத்திராயிருப்பிலிருந்து பிளவக்கல் அணைக்குப் போகிற வழியில் ஒரே ஊர். வேலுச்சாமிக்கு ஊருக்குள் வீடு, கருப்பையாவுக்கு ஊருக்கு வெளியே காலனியில். மில் பஸ்ஸில் ஒரே சீட்டில் வருவார்கள். கேன்டீனில் ஒருவர் தூக்குவாளியில் மற்றவர் கை இருக்கும். "ஏலே வேலு", "ஏலே கருப்பு" என்றுதான் பேச்சு. திரும்பும்போது பஸ் முதலில் காலனி விலக்கில் நிற்கும். கருப்பையா இறங்கிவிடுவார். அடுத்த நிறுத்தத்தில் வேலுச்சாமி. இரண்டுக்கும் நடுவே அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. ஊர் டீக்கடையில் காலனிக்காரர்களுக்குத் தனி கிளாஸ் என்பதால் கருப்பையா ஊரில் டீயே குடிப்பதில்லை.

ஒருநாள் வேலுச்சாமி அதை மறைக்காமல் சொன்னார்: "கேட்டுக்கு உள்ள நா வேற ஆளு சார். ஊருக்குள்ள வேற ஆளு. என்ன செய்யச் சொல்லுதிய?"

கருப்பையாவுக்கு அதில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. அவருக்கு வேறொரு கணக்கு இருந்தது. "அணையில தண்ணி வந்தா அது அவியளுக்கு. மில்லுல சங்கு ஊதுனா அது எங்களுக்கு" என்பார். அணை கட்டியபோது தண்ணீர், நிலம் இருந்தவர்கள் வயலுக்குத்தான் போனது. நிலம் யாரிடம் இருக்க வேண்டும் என்பதை அதற்கு வெகுகாலம் முன்னாலேயே, ஜமீன் காலத்தில், யாரோ முடித்து வைத்திருந்தார்கள். நிலமில்லாதவர்களுக்கு மில்தான் முதல் கதவு. அந்தக் கதவு திறந்தே இருக்கும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். மாதச் சம்பளக்காரனுக்கு அந்த நம்பிக்கை சுலபமாக வந்துவிடுகிறது.

பிறகு பஞ்சு விலை ஏறியது. கரண்ட் இல்லாமல் மிஷின்கள் பாதி நாள் நின்றன. டெல்லியில் ஏதோ சட்டம் மாறியது என்றார்கள். முதலாளிகள் வேறிடத்தில் புது மிஷின் போட்டார்கள், அதற்கு ஆட்கள் அதிகம் வேண்டியதில்லை. ஒரு திங்கட்கிழமை மில்லை மூடும் நோட்டீஸை நான்தான் டைப் அடித்தேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் அடித்தேன். அப்போது எனக்கு அதில் ஒரு பெருமை.

பழைய ஃபைல்களை முடிக்க என்னை மட்டும் ஆறு மாதம் வைத்திருந்தார்கள். சர்வீஸ் சர்டிபிகேட்டுகளைக் கொடுக்கப் போன வழியில்தான் அந்த ஊருக்குள் முதன்முதலாகக் கால் வைத்தேன். வேலுச்சாமி வயலில் இருப்பதாகச் சொன்னார்கள். போனால் கருப்பையாவும் அங்கே இருந்தார், வரப்பு வெட்டிக்கொண்டு. ஒருவருக்குத் திரும்பிப் போக நிலம் இருந்தது. மற்றவருக்கு அந்த நிலத்தில் கூலி வேலை இருந்தது.

வேலுச்சாமியின் அண்ணன் வீட்டம்மா வாளியில் டீ கொண்டுவந்தார். எனக்கும் வேலுச்சாமிக்கும் சில்வர் தம்ளரில் ஊற்றினார். வேலையாட்களுக்குப் பம்ப்செட் ஓரத்தில் தேங்காய்ச் சிரட்டைகள் கிடந்தன.

"ஏலே கருப்பையா, செரட்டைய எடுத்துக்கோ" என்றார் பம்ப்செட் பக்கம் நின்ற அண்ணன்.

கருப்பையா சிரட்டையை நீட்டினார். உயரத்திலிருந்து டீ விழுந்தது. அவர் குடிக்கவில்லை. வேலுச்சாமியைப் பார்த்தார். வேலுச்சாமி தொட்டியில் விழுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கருப்பையா குனிந்து டீயை வரப்பில் ஊற்றினார். சிரட்டையைக் கவிழ்த்து வைத்தார். என்னிடமிருந்து சர்டிபிகேட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வாரேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

என் தம்ளரில் பாதி டீ இருந்தது. நான் அதைக் குடித்து முடித்தேன். இந்த வரியை எழுதாமல் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

பஸ்ஸுக்கு வழியனுப்ப வந்த வேலுச்சாமி சொன்னார்: "அண்ணன் முன்னால நா என்ன பேச சார்? பத்திரம் அவரு பேர்ல இருக்கு."

அதற்குப் பிறகு கருப்பையாவை ஊரில் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. காலனி ஆட்கள் அவர் பக்கம் நின்று, அந்த வயல்களுக்குப் போக மாட்டோம் என்றார்கள். கோடை முழுக்கப் புகைந்துகொண்டே இருந்தது. ஒரு மத்தியானம் பஸ் நிறுத்தத்தில் ஏதோ வாய்ச்சண்டை. சாயங்காலத்துக்குள் காலனியில் கூரைகள் எரிந்துவிட்டன. கருப்பையா மனைவி பேச்சியம்மாள் உள்ளே ஆட்டுக்குட்டியை அவிழ்க்கப் போனவர் தீயில் சிக்கினார். மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பத்து நாள் உயிரோடு இருந்தார்.

மில் வேலை போனபின் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே ஒரு டைப்பிங் கடையில் உட்கார்ந்திருந்தேன். அந்த வழக்கு அங்கேதான் நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் பட்டியலில் வேலுச்சாமி பெயரும் இருந்தது. ஒரு வாய்தா நாளில் என் கடைக்கு வந்தார்.

"சார், நீங்க அவன்ட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. எங்கையில ஒண்ணும் இல்ல சார். சத்தியமா இல்ல."

நான் போனேன். கருப்பையா வேப்பமரத்தடியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"ஆமா சார். அவரு கையில ஒண்ணும் இல்ல" என்றார். பையைத் தரையில் வைத்துவிட்டு, "ஆனா அவரு அங்கன நின்னாரு. பேச்சி கத்துன சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். மில்லுல எம்புட்டு எரைச்சல்லயும் எங்கொரலு அவருக்குக் கேக்கும்" என்றார்.

அவரு என்றார். அதுவரை கருப்பையா வேலுச்சாமியை அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

கூண்டிலும் அதையேதான் சொன்னார். கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. மற்ற சாட்சிகள் ஒவ்வொருவராக வராமல் போனார்கள். கடைசியில் எல்லோரையும் விடுவித்தார்கள். அதற்குள் கருப்பையா மகனோடு திருப்பூர் போய், ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேன் ஆகியிருந்தார்.

அவர் இறந்த செய்தி போன வருஷம் வந்தது. வேலுச்சாமிக்கு போன் பண்ணிச் சொன்னேன். "நானும் வாரேன்" என்றார். வெள்ளை வேட்டி கட்டி, காலையிலேயே ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டார். திருப்பூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். டிரைவர் ஏறியதும் வேலுச்சாமி எழுந்து நின்றார்.

"அவம் மவன் என்னப் பாத்து, எங்க வந்தியன்னு கேட்டா நா என்ன சார் சொல்லுவேன்?"

இறங்கிவிட்டார். நான் மட்டுமாவது போயிருக்கலாம். அவரைத் தனியாக விட மனமில்லை என்று சொல்லிக்கொண்டு நானும் இறங்கினேன்.

மில் இருந்த இடத்தில் இப்போது வீட்டுமனைகள். கேன்டீன் எந்த மனைக்குள் போனது என்று என்னால் அடையாளம் சொல்ல முடியவில்லை. அந்த ஊருக்கு மில் பஸ் போவதில்லை. ஊர்க்காரர்கள் பட்டாளத்துக்கும் போலீஸுக்கும் போகிறார்கள், காலனிக்காரர்கள் திருப்பூருக்குப் போகிறார்கள். யாரும் யாரையும் கேட்காமல் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்கிற இடம் அந்த இரண்டு தெருவுக்கும் பொதுவாக எதுவும் மிஞ்சவில்லை. இப்போதும் ஏதாவது வழக்குக்கு வந்தால் உட்கார, கோர்ட் வராந்தாவில் ஒரு பெஞ்ச் இருக்கிறது. அங்கேயும் இரண்டு முனையில்தான் உட்கார்கிறார்கள்.