காந்தத்தில் ஒட்டாத இரும்பு

பகல் பதினொரு மணிக்குச் செய்தி வந்தது. இராயபுரத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த சௌக்கத் அலி துறைமுகத்தில் நெஞ்சடைத்து இறந்துவிட்டார். அவர் மனைவி ஜீனத் இத்தா என்னும் துக்கக் காலம் இருந்தாள். நான்கு மாதம் பத்து நாள் வாசல் தாண்ட முடியாது. கடையை விற்றுவிடலாம் என்றான் அவள் தம்பி மஜீது.

"சரக்க இங்க அனுப்புடா. நான் பிரிக்கிறேன்" என்றாள் அவள்.

மறுநாள் உடைத்த கப்பலின் சமையல் சாமான்களும் கதவுக் கீல்களும் முற்றத்தில் இறங்கின. மஜீது ஒரு தட்டில் காந்தத்தை வைத்துப் பார்த்தான். ஒட்டவில்லை. அலுமினியக் குவியலில் வீசினான்.

"இன்னாடா, கை கனக்கல? அலுமினியம் இம்மாங் கனமா கீது? அது எவர்சில்வரு. இரும்புதான்."

"இரும்புன்னா ஒட்டணுமே, அக்கா!"

"இரும்புக்குள்ள ஒவ்வொரு பொடியும் ஒரு குட்டிக் காந்தம். காந்தத்தக் கண்டா எல்லாம் ஒரே பக்கமா திரும்பிக்கும், ஒட்டும். நிக்கல் சேத்து உருக்கிட்டா அதுங்க அப்படி ஒண்ணா திரும்பாது. கப்பல் இஞ்சினீரு உன் மச்சானுக்குச் சொன்னது."

மஜீது தட்டை எடுத்துத் துடைத்துத் தனியே வைத்தான்.

"கடைய விக்க வாணாம், அக்கா. நாளைக்கும் சரக்கு கொண்டாரேன்."

அன்று பொழுது சாய்வதற்குள் ஜீனத் மூன்று மூட்டைகளைப் பிரித்திருந்தாள். கதவுக் கீல்கள் நிறைந்த கூடை மட்டும் நாளைக்கென்று பாதியில் நின்றது.